ழகரம் கேட்கும் அறை

வீட்டில் நல்ல இசை கேட்க விரும்புவோர் முதலில் ஒலிபெருக்கிக்கும் அடுத்துக் கேபிளுக்கும் செலவிடுகின்றனர். ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்னும் கேள்வி கடைசியாகவே எழுகிறது. செவிக்கு வந்து சேர்வதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான். உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவருக்கு இதில் பணமும் அடங்கியிருக்கிறது.

கேபிளின் கணக்கு எளியது. 2.5 சதுர மி.மீ. குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.007 ஓம். ஒலிபெருக்கி 3 மீட்டர் தொலைவில் இருந்தால் போக வர 6 மீட்டர், மொத்தம் 0.042 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு முன் இது இருநூற்றில் ஒரு பங்கு. இதனால் ஒலியில் நேரும் குறைவு ஏறத்தாழ 0.05 டெசிபல், அதைச் செவி உணர்வதில்லை. மின்பொருள் கடையில் கிடைக்கும் பல இழைச் செப்புக் கம்பியே போதும். திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரில் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஈர உப்புக்காற்றில் கம்பியின் முனைகள் பச்சை பூத்துவிடும். அவற்றை அவ்வப்போது சுரண்டித் தூய்மை செய்து இறுக்கி முடுக்குவது, விலையுயர்ந்த கேபிளைவிடப் பயன் தரும்.

சுவரின் கணக்கோ பெரியது. ஒலிபெருக்கியின் முகப்பு பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் தாழ்ந்த ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. ஏறத்தாழ 87 ஹெர்ட்ஸில் அது நேரொலிக்கு எதிர்க் கட்டத்தில் வந்து சேர்ந்து அதை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. மூலையில் வைத்தாலோ தாழ்ந்த ஒலிகள் அளவுக்கு மீறிப் பெருகும். எனவே ஒலிபெருக்கியை ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்திக் கேட்பதே வழி. பக்கச்சுவருக்குக் கண்ணாடி உதவும்: ஒருவர் கேட்கும் இடத்தில் அமர, மற்றவர் சுவரையொட்டிக் கண்ணாடியை நகர்த்த வேண்டும். ஒலிபெருக்கி கண்ணாடியில் தெரியும் இடத்தில் புத்தக அலமாரியோ தடித்த துணியோ அமைந்தால் ஒலி தெளியும்.

தெளிந்ததா என்று சோதிக்க இசையைவிடப் பேச்சு சிறந்தது. உயிரொலிகள் ஆற்றல் மிக்கவை; மெய்யொலிகள் பல மெலிந்தவை. கான்கிரீட் சுவரும் ஓட்டுத்தரையும் கொண்ட வெற்று அறையில், முந்தைய உயிரின் முழக்கம் அடுத்த மெய்யின் மேல் படர்ந்து அதை மறைத்துவிடுகிறது. ல, ள, ழ வேறுபாடு நுண்ணிய அதிர்வெண் அமைப்பில் நிற்பது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. வ. அய். சுப்பிரமணியம் கட்டியெழுப்பிய கேரளப் பல்கலைக்கழக மொழியியல் மரபில் பயின்றோர்க்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வானொலிச் செய்தி வாசிப்பில் ‘மழை’யும் ‘மலை’யும் மயங்காமல் கேட்டால் அறை சரியாக இருக்கிறது. மயங்கினால் குற்றம் பெரும்பாலும் சுவருடையது.

அறையும் ஓர் இசைக்கருவி என்பது இந்நகரம் நெடுங்காலமாக அறிந்ததே. பத்மநாபசுவாமி கோயிலையொட்டிய நவராத்திரி மண்டபத்தின் கூரையில் மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டுள்ளன. அவை எதிரொலியை வளர்க்கின்றன என்பாரும் உண்டு. அடக்குகின்றன என்பாரும் உண்டு. இயற்பியல் இரண்டுக்கும் இடமளிக்கிறது. வாய் குறுகிய கலம் தனக்குரிய அதிர்வெண்ணை ஒட்டிய ஒலியை உள்வாங்கிச் சிறிது தாழ்த்தித் திருப்பித் தருகிறது; அதன் வளைந்த புறப்பரப்பு பிற ஒலிகளைச் சிதறடிக்கிறது. சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகள் நாளுக்கொன்றாக அக்கூரையின் கீழ் பாடப்பட்டு வருகின்றன.

அவ்வளவு கருத்தோடு ஒலியைப் பேணிய அம்மண்டபம் 2006 வரை பெண்குரலுக்கு இடம் தரவில்லை. அவ்வாண்டு பாறசாலை பொன்னம்மாள் அங்குப் பாடினார். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் தொடக்ககால மாணவியும் பின்னர் அதன் ஆசிரியருமான அவர், அப்போது எண்பது வயதைக் கடந்திருந்தார். அவர் பாடுவதற்காகக் கூரையிலோ சுவரிலோ எதையும் மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. தடை ஒலியியல் சார்ந்ததன்று.

வீட்டு அறையிலும் இதன் சிறு வடிவம் உண்டு. இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும் என்பது விதி. அம்முக்கோணத்தின் மூன்றாம் முனையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. பல வீடுகளில் அது கருவியை வாங்கியவருடையது. மற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதே பாட்டை அடுக்களையிலிருந்து, வாசற்படி வழியே கசிந்து வரும் அளவில் கேட்கின்றனர். எல்லாம் நகர்த்தி முடித்தபின், அடுக்களையில் இருப்பவரை அந்நாற்காலியில் அமரச் செய்து, ‘மழை’ எப்படிக் கேட்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். இன்னும் ஒரு சாண் நகர்த்த வேண்டும் என்று அவர் சொன்னால், அதையும் செய்துவிடலாம்.