காதின் தீர்ப்பு

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் நல்ல காது உண்டு என்று நெடுநாளாக ஒரு கர்வம். சில வருஷங்களுக்கு முன் ரிச்சி தெருவுக்கு ஒலிபெருக்கி வாங்கப் போனபோது அந்தக் கர்வத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் பாட வைத்தார். ஒன்று வெறும் மரப் பெட்டி. மற்றது கறுப்புப் பளபளப்பும் வெள்ளி வளையமுமாக மாப்பிள்ளை போல நின்றது. அதில் சினிமாப் பாட்டின் டிரம் முழங்கியபோது என் சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. "இதுதான்!" என்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வாங்கியது அம்மாவுக்காக. விடியற்காலை நாலரை மணிக்கே அவளுக்கு விழிப்புக் கண்டுவிடும். பிறர் தூக்கம் கெடாமல் மெள்ள வைத்துப் பாட்டுக் கேட்பாள். தலைமாட்டில் இருந்த டிரான்ஸிஸ்டருக்கோ தொண்டை கட்டிப்போய் வெகு நாளாயிற்று.

மறுநாள் எம். டி. ராமநாதனின் பாட்டை வைத்தேன். சற்றுக் கேட்ட அம்மா, "ஏண்டா, ராமநாதனுக்கு ஜலதோஷமா?" என்றாள். மூன்றாம் நாள் டிரான்ஸிஸ்டர் தலைமாட்டுக்குத் திரும்பிவிட்டது. அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பிறகுதான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். ஒலியைக் குறைத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவாகக் குறைந்ததாகக் காதுக்குப் படுவதில்லை. கனத்த மந்தர ஒலிதான் அதிகமாக மங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933-ஆம் வருஷமே இதை அளந்து எழுதிவிட்டார்கள். கடையில் முழங்கினதைக் கேட்டுவிட்டு, வீட்டில் முணுமுணுக்கப் போவதற்கு விலை பேசியிருக்கிறேன்! போதாததற்கு, இரண்டில் ஒன்று இம்மி உரக்கப் பாடினாலும் அதுவே உயர்ந்தது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடுமாம். கண்ணும் சும்மா இருப்பதில்லை. 1994-ஆம் வருஷம் டூல், ஆலிவ் என்ற நிபுணர்கள் அதே பெட்டிகளைக் காட்டியும் மறைத்தும் கேட்கச் செய்தார்கள், மதிப்பெண்கள் மாறிப்போயின.

கடைக்காரர் நல்ல மனிதர். மாற்றித் தரச் சம்மதித்தார். தெரு இரைச்சல் அடங்கும் நேரமாகப் பார்த்து அம்மாவையும், அவளுக்குப் பழகின அதே பாட்டையும் கொண்டு போனேன். கைப்பேசியால் அளந்து, இரண்டு ஜோடிக்கும் ஒலியை ஒரே மட்டத்தில், நாலரை மணி அளவுக்கு வைத்தோம். அம்மா பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எது பாடுகிறது என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டாள்.

"இரண்டாவதுதான். அவர் மூச்சு வாங்குவது கூடக் கேட்கிறது. குரலும் அவர் குரலாக இருக்கிறது" என்றாள்.

இரண்டாவது, அந்த வெறும் மரப் பெட்டி. விலையிலும் குறைவு. மீதிப் பணத்தை எண்ணித் தந்த கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு வாரம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் நாள் அம்மாவே டிரான்ஸிஸ்டரைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"பரண்மேல் போட்டுவிடேன்" என்றாள்.