ஆனைக்கொம்பன்

ஐப்பசி மாதம். காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. வானம் மூடியிருக்கத் தூறல் விட்டுவிட்டு விழுகிறது. தஞ்சைக்குக் கிழக்கே ஒரு வயலின் வரப்பில் நிற்கும் உழவர், இலையாய் விரிய வேண்டிய நடுக்குருத்து வெங்காயத்தாள்போல் குழலாகி, வெள்ளி நிறத்தில் நீண்டு நிற்பதைக் காண்கிறார். கைபேசியில் படமெடுத்து, வேளாண்மை பயிலும் மகளுக்கு அனுப்புகிறார். "மருந்து அடிச்சிடலாமாம்மா?" என்பது அவர் கேள்வி.

அக்குழலுக்கு ஊரார் வழங்கும் பெயர் ஆனைக்கொம்பன். யானைத் தந்தத்தைக் குழலில் கண்ட அந்தப் பெயர், நூற்பெயர்களைவிட அழகானது. குழலை ஆக்கியது ஓர் ஈயின் புழு. ஆனால் அந்த ஈயைப் பகலில் காண்பது அரிது. கொசுவின் அளவே உடைய அது, இரவில் விளக்கொளி தேடிச் சுவரில் வந்து அமரும். அதையும் படமெடுத்து அனுப்புகிறார் தந்தை. வீட்டிலுள்ளோர் அனைவரும் கொசு என்றே சொல்கின்றனர்.

மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். இறக்கைகள் இரண்டே. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற சிறு உறுப்புகள். எனவே இது ஈயினம். கொசுவும் அவ்வினமே ஆதலால் இதுமட்டும் போதாது. கொசுவுக்குரிய நீண்ட உறிஞ்சுகுழல் இல்லை, இறக்கையில் நரம்புகள் மிகச் சில, உணர்கொம்பு மணி கோத்தாற்போல் இருக்கிறது, வயிறு செம்மஞ்சள். கழலை உண்டாக்கும் ஈக்களின் குடும்பம் என்பது வரை படம் சொல்கிறது. அதற்குமேல் சொல்ல மறுக்கிறது. அக்குடும்பத்தில் ஒன்றையொன்று ஒத்த இனங்கள் பல. இந்நிலையில் துணைவருவது ஈயின் படமன்று, பயிரின் படமே. ஆசிய நெல்லில் இவ்வகைக் குழலை ஆக்குவது, 1889-இல் வுட்-மேசன் அறிவியலுக்கு விவரித்த ஓர்சியோலியா ஒரைசே என்னும் இனம். ஆப்பிரிக்க நெல்வயல்களில் இருப்பதும் இதுவே என நெடுங்காலம் நம்பப்பட்டது. நுண்ணோக்கியில் உறுப்புகளை ஒப்பிட்ட ஹாரிஸ், காக்னே இருவரும் 1982-இல்தான் அதனை வேறோர் இனமெனப் பிரித்தனர். அறிஞர் கண்ணையே அத்தனை காலம் ஏய்த்த ஒற்றுமை, கைபேசிப் படத்தை ஏய்ப்பதில் வியப்பில்லை.

பெயர் தெரிந்துவிட்டது. மருந்து அடிக்கலாமா? குழல் கண்ணுக்குத் தெரியும் நாளில் அந்தத் தூரின் கதை முடிந்துவிட்டிருக்கும். அதில் இனிக் கதிர் வராது. குருத்துப்பூச்சி தாக்கிய நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும், இது அதுவுமன்று. மகள் இன்னொரு படம் கேட்கிறாள். "நாலைஞ்சு குழலைக் கிழிச்சு, உள்ளே இருக்கிறதைப் படமெடுத்து அனுப்புங்கப்பா."

படங்கள் வருகின்றன. ஒரு குழலின் நுனியருகே துளை. அதில் கூட்டுப்புழுவின் வெறுந்தோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஈ பறந்துபோன வீடு அது. மற்ற மூன்றில் ஈப்புழுவின் உடலுக்குள்ளேயே சின்னஞ்சிறு கூடுகள் நெருக்கமாய் அடைந்திருக்கின்றன. பிளாட்டிகேஸ்டர் என்னும் கருங்குளவியின் குஞ்சுகள் அவை. ஈயின் முட்டையிலேயே தன் முட்டையை வைத்து, புழுவைத் தின்று வளர்பவை. இப்போது மருந்து தெளித்தால் முதலில் மடிவது இக்குளவிகளே.

"மருந்து வேண்டாம்ப்பா. குளவி இருக்கிற குழல்களைப் பறிச்சு, பின்னால நட்ட வயல்ல பத்து சதுர மீட்டருக்கு ஒண்ணுன்னு போடுங்க. எதுக்கும் ரெண்டு தூரை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துல காட்டிடுங்க."

தெளிப்பானை வரப்பிலேயே வைத்துவிட்டுத் தந்தை மீண்டும் வயலில் இறங்குகிறார். சற்றுநேரம் கழித்து அவரிடமிருந்து மற்றொரு படம் வருகிறது. உள்ளங்கையில், எள்ளினும் சிறியதாய் ஒரு கரும்புள்ளி. கீழே ஒரு கேள்வி: "இதுக்குத் தமிழ்ல என்ன பேரும்மா?"