பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டும்

2024 மே மாதம் இரண்டாவது வாரக் கடைசியில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. துருவப் பகுதிகளுக்கு அருகில் தெரியும் ஒளி அவ்வளவு தெற்கே இறங்கி வந்ததை, அங்கே இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கேமரா பதிவு செய்தது. நாளிதழ்களில் அந்தப் படத்தைப் பார்த்து நானும் வியந்தேன். வத்தலக்குண்டுப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்தும் நண்பர் மாலையில் பேசினார்.

"வானம் சிவந்ததைப் பாத்துட்டீங்க. சிவக்க வச்சவரைப் பாக்க வேண்டாமா? மாசக் கடைசியில திரும்பி வருவாரு. கொடைக்கானலுக்கு வாங்க."

அவர் சொன்னது ஒரு சூரியப் புள்ளிக் கூட்டத்தை. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 27 நாள் ஆகிறது. கிழக்கு விளிம்பில் தோன்றும் புள்ளி இரண்டு வாரத்துக்குள் வட்டைக் கடந்து மேற்கில் மறையும். மறுபக்கம் போனது அழியாமல் இருந்தால் மீண்டும் கிழக்கில் வரும். மே மாதம் வானத்தைச் சிவக்க வைத்த காந்தப் புயலைக் கிளப்பிய கூட்டத்தின் எண் 3664. மாத இறுதியில் அது திரும்பி வந்தபோது 3697 என்று புது எண் கொடுத்திருந்தார்கள். ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறக்கும் முன், நண்பரோடு மலையேறினேன். கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை அவர் மடியிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அதற்குள் ஒரு முழ நீளத்துக்குச் சூரியத் தொலைநோக்கி.

நாங்கள் பார்க்கப் போனவர் சூரியனைப் படமெடுப்பதையே வேலையாகச் செய்து ஓய்வு பெற்றவர். அவர் வேலை பார்த்த சூரிய ஆய்வகம் இருக்கும் குன்றுக்குக் கீழே சரிவில் வீடு. கொடைக்கானல்காரர்களுக்கு அந்தப் பக்கம் முழுவதுமே 'அப்சர்வேட்டரி'தான். ஆய்வகத்தின் உயரம் 2,343 மீட்டர். "ஏழு மணிக்கு முற்றத்துல நிக்கணும். பத்துக்கு மேல வந்தா காபி மட்டும்தான் கிடைக்கும்" என்று முந்தைய நாளே சொல்லிவிட்டார். வெயில் ஏறினால் தரை சூடாகும், தரைக்கு மேலுள்ள காற்று அலைபாயும், சூரியனின் விளிம்பு நடுங்கும். "விளிம்பு கொதிக்குது" என்பார். கொதிப்பு அடங்கிய காலையில் பார்க்காமல் விட்டால், அடுத்து பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிடும்.

தொலைநோக்கியைத் தாங்கியில் மாட்டியதும் நான் தலையை உயர்த்தினேன். தோளைப் பிடித்துத் திருப்பினார். "மேல பாக்காதீங்க தம்பி, கீழ பாருங்க." குழாயின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. அவர் குழாயை மெல்லத் திருப்ப, நிழல் சுருங்கிக்கொண்டே வந்து வெறும் வட்டமானது. சூரியன் உள்ளே விழுந்துவிட்டது. சூரியனை நேரே பார்க்காமலே சூரியனைப் பிடிப்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம்.

கருவியின் முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்தான். அதன் உயிர் உள்ளே இருக்கும் எட்டலானில் இருக்கிறது: மிகத் துல்லியமாகச் சமப்படுத்திய இரண்டு கண்ணாடித் தட்டுகள், நடுவே நூலிழையிலும் மெல்லிய இடைவெளி. உள்ளே புகுந்த ஒளி தட்டுகளுக்கிடையே மோதி மோதித் திரும்பும்போது, அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் வெளியேறும். மற்ற வடிகட்டிகள் அவற்றிலும் ஒன்றை மட்டும் விட்டு மீதியைத் தடுக்கும். தப்பி வருவது ஹைட்ரஜன் ஆல்பா எனும் சிவப்பு, 6562.8 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இந்தச் சிறு குழாய் விடும் ஒளிப்பட்டையின் அகலம் அதைவிடக் குறைவு. சாதாரண ஒளியில் தெரியும் ஒளிமண்டலத்துக்கு மேலே ஒரு மெல்லிய நிறமண்டலம் இருக்கிறது. அதைப் பார்க்க இவ்வளவு கெடுபிடி தேவைப்படுகிறது.

கண்ணை வைத்தேன். சிவப்பாக ஒரு வட்டு தெரிந்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

"முதல்ல எல்லாருக்கும் அவ்வளவுதான். கண்ணை எடுக்காதீங்க." தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையையும் கண்வில்லையையும் சேர்த்து மூடினார். வெளி வெளிச்சம் போனதும் வட்டுக்குத் தோல் முளைத்தது. சுளகில் பரப்பிய கேழ்வரகுபோல் நுணுக்கம். குறுக்கே சில கரிய இழைகள். மேற்குப் பாதியில் வெளுத்த திட்டுக்கு நடுவே கறுப்பாக, நாங்கள் தேடி வந்த 3697. மே மாத உருவம் குலைந்து சிறுத்திருந்தது. நண்பர் குழாயின் வளையத்தைக் கொஞ்சம் திருகியதும் வட்டு மங்கி விளிம்பில் ஒரு தீநாக்கு எழுந்தது. அந்தத் துளி நாக்குக்குள் பூமிகள் சில அடங்கும். கரிய இழையும் இந்தத் தீநாக்கும் ஒரே பொருள்தான் என்றார் பெரியவர். காந்தப் புலம் தூக்கிப் பிடித்திருக்கும் வாயு, பிரகாசமான வட்டுக்கு எதிரே நின்றால் கறுப்பு. விளிம்பைத் தாண்டி இருண்ட வானத்துக்கு எதிரே நின்றால் நெருப்பு. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது நாக்கின் நுனி பிரிந்திருந்தது.

"இது அழகு. நாங்க பாத்தது அழகுக்கு இல்ல" என்று தன் கதைக்கு வந்தார்.

எழுபதுகளின் கடைசியில், பாப்பு இயக்குநராக இருந்த காலத்தில், எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தவர். அப்பா பேரிக்காய்த் தோட்டத்தில் சுமை தூக்கியவர். ஆய்வகத்தின் ஆறு அங்குலத் தொலைநோக்கிதான் இவருக்குப் பள்ளிக்கூடம். கொடைக்கானலில் சூரியனின் வெண்ணொளிப் படம் 1904 முதல் எடுக்கப்படுகிறது. 1918இலிருந்து ஆறு அங்குல வில்லை. படத்தில் சூரியன் இருபது சென்டிமீட்டர் அகல வட்டமாக விழும். காலையில் போய்க் கூரை திறக்க வேண்டும், நிழலைப் பார்த்துக் குழாயைத் திருப்ப வேண்டும், விளிம்பு அடங்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். மேகம் இருந்தால் அதில் 'சன்னல்' திறக்கும்வரை நிற்க வேண்டும். "பாதி நாள் வேலை நிக்கிறதுதான். கை தயாரா இருக்கணும், சன்னல் ரெண்டு மூச்சு நேரம்தான் திறக்கும்." இருட்டறையின் இரசாயனக் கணக்குகளையும் அவர் விளக்கினார். எனக்கு எட்டாததால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவர் குரல் மாறியது 'சன் சார்ட்' பற்றிப் பேசும்போதுதான். சூரியனின் அட்சரேகை, தீர்க்கரேகை அச்சிட்ட வட்டத்தில் அன்றைய புள்ளிகள், வெண்திட்டுகள், இழைகள், விளிம்பின் தீநாக்குகள் எல்லாவற்றையும் கையால் குறிக்கும் தாள் அது. 1904 முதல் அங்கே இது உண்டு. சூரியனின் அச்சு நமக்குச் சாய்ந்து தெரிவதால் மாதத்துக்கு மாதம் கட்டங்களின் வளைவு மாறும். எந்தத் தேதிக்கு எந்தக் கட்டம் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இருக்கிறதை மட்டும் போடணும். நேத்து அங்க ஒண்ணு இருந்துச்சே, இன்னைக்கும் இருக்கும்னு பென்சில் தானா போகும். அதைப் பிடிச்சு நிறுத்தறதுதான் பழக்கம்." இன்று அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து கணினியைக் கொண்டு படிக்கவைக்கிறார்கள். நூறு ஆண்டுப் பென்சில் கோடுகளை நம்பி ஆய்வு நடக்கிறது.

மலை உச்சியில் இப்படியொரு வேலை ஏன் வந்தது? 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்து மடிந்தது. புள்ளிகள் கூடிக் குறையும் பதினோரு ஆண்டுச் சுழற்சிக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அப்போது வலுத்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஒரு நிலையம் வேண்டும் என்று பேசினார்கள். 1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி கொடைக்கானலுக்கு மாறியது. பஞ்சத்துக்கு விடை கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது: 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் வெளிர் ஓரத்தில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கம் பாய்வதை இங்கேதான் கண்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகப் பாடநூல்களில் இருப்பது இந்தக் குன்றில் பிறந்தது.

கண்டுபிடிப்பைவிட நீண்டது தொடர்ச்சி. கிரீனிச் ஆய்வகம் 1874இல் தொடங்கிய தினசரிச் சூரியப் படத் திட்டம் 1976இல் நின்றது. கொடைக்கானலின் வெண்ணொளிப் படங்கள் நிற்கவில்லை. கால்சியம் ஒளியில் எடுத்த படங்கள் 1904 முதல் 2007வரை உண்டு. ஹைட்ரஜன் ஆல்பாவுக்கு இப்போது இருபது சென்டிமீட்டர்த் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. பெரிய கருவிகள் வந்த பிறகும் ஆறு அங்குலத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "வில்லையை மாத்தினா, மாறினது சூரியனா வில்லையான்னு யாரு சொல்றது?" என்றார். ஒரே கண்ணால் நூறு ஆண்டு பார்த்தால்தான் ஒரு சுழற்சி முந்தியதைவிட மெலிந்ததா வலுத்ததா என்று சொல்ல முடியும்.

நண்பரின் குழாய்க்குத் திரும்புகிறேன், கோபத்தோடு. தன் சம்பளத்தில் பல மாதம் சேர்த்து அதை வாங்கினார். இறக்குமதி முகவர் சுங்கம், கப்பல் கூலி, 'கையாளும் செலவு' என்று ஏற்றிக்கொண்டே போனார். எது எவ்வளவு என்று ரசீதில் இல்லை. ஈரக்காற்றில் உள்வடிகட்டி ஒன்று பூத்துப்போனபோது பழுது பார்க்க ஆள் இல்லை, புதிதாக வாங்குங்கள் என்று பதில். கிரகணத்திலும் இதே வியாபாரம்தான். 2019 டிசம்பர் 26இல் கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வளைய கிரகணம் போனது. முந்தைய வாரம் கடைத்தெருக்களில் கறுப்புத் தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடிகள் குவிந்தன. நல்ல சூரிய வடிகட்டி லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடும். கண்ணுக்குத் தெரியாத கதிரையும் தடுக்கும். கறுப்பாக இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. தரச்சான்றின் எண்ணை அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் பொருளைப் பற்றிக் கவலையில்லை. வெந்த விழித்திரை வலிக்காது, பார்வை முழுதாகத் திரும்பாமலும் போகலாம். இந்தப் பயத்திலேயே பாதிப் பெற்றோர் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சூரியனைக் காட்டக் காசு வாங்காத வாத்தியார் ஒருபக்கம், காட்டாமலே காசு பார்த்தவர்கள் மறுபக்கம். அறிவியல் மனப்பான்மை பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறவர்கள், மாவட்டத்துக்கு ஒரு சிறு தொலைநோக்கியும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு கையும் இருக்கிறதா என்று முதலில் கேட்கலாம்.

பெரியவர் இந்தப் பிரசங்கத்தில் கலந்துகொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். ஓய்வுக்குப் பிறகும் ஒரு பைனாகுலரின் ஒரு கண்ணை மூடி, மறு கண் வழியே சூரிய பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவைத்து எண்ணுகிறார். 1848இல் ஸ்விட்சர்லாந்தின் ருடால்ஃப் வுல்ஃப் வகுத்த கணக்கு: கூட்டங்களைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். ஐந்து கூட்டம், முப்பது புள்ளி என்றால் 80. பக்கம் பக்கமாக எண்கள், இடையிடையே 'மேகம்'. அக்டோபர், நவம்பரில் மேகம் மட்டுமே. விண்கலப் படம் போனிலேயே வருகிறதே, அதைப் பார்த்து நிரப்பலாமே என்றேன்.

"அது அவங்க பாத்தது. நான் பாக்காததை எழுதினா, பாத்ததையும் ஒருத்தன் நம்ப மாட்டான்."

ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் 'பல தலைமுறைப் பார்வையாளர்களுக்கு நன்றி' என்ற மாதிரி ஒரு வரி வரும். உலகெங்கும் இதுதான் வழக்கம். கூரை திறந்தவர், காத்து நின்றவர், கோடு போட்டவர் பெயர்கள் அதில் இருக்காது. உங்கள் பெயரையாவது நான் எழுதுகிறேன் என்றேன். மறுத்துவிட்டார். "நூறு வருஷத்துல எத்தனை கை. என் பேரு ஒண்ணை மட்டும் போட்டா அதுவும் பாக்காததை எழுதின மாதிரிதான்." அவர் சொன்னது சரி. ஆனால் எல்லாப் பெயரையும் போட வேண்டும் என்ற என் கட்சியை அது இன்னும் பலப்படுத்துகிறது.

பத்து மணிக்கு மேகம் ஏறியது. நண்பர் குழாயைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கோடை விடுமுறையில் எழுதிய நோட்டுப் பக்கம். காகிதத்தில் பிம்பம் விழவைத்து எண்ணியவை. மழை பெய்த நாட்களில் அவளும் 'மேகம்' என்றே எழுதியிருந்தாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"தேதி இருக்கு. நேரம் இல்லியே வாத்தியாரே. எத்தனை மணிக்குப் பாத்தான்னு எழுதச் சொல்லுங்க. இல்லாட்டி நாளைக்கு இதை யாரும் சேத்துக்க மாட்டாங்க."