பத்துப் பேர் காத்த மானம்

பாரிஸ் 2024 ஒலிம்பிக் ஹாக்கியின் இந்தியா-பிரிட்டன் காலிறுதியை இன்று மறுபடி பார்த்தேன். 17-ஆம் நிமிடத்தில் நம் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மட்டை பிரிட்டன் வீரரின் முகத்தில் பட்டது உண்மை. ஆனால் வேண்டுமென்று செய்ததாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. வீடியோ நடுவர் இவ்வளவு பெரிய தண்டனைக்குப் பரிந்துரைத்தால், அதன் காரணத்தை அரங்கமே கேட்கும்படி சொல்ல வேண்டும். பத்துப் பேரோடு 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோமே, அந்த ஆட்டத்துக்கு இந்த மரியாதையாவது வேண்டாமா? தடை காரணமாக அரையிறுதியிலும் ரோஹிதாஸ் இல்லை. ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம்.

அதே ஆண்டு ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் அதிகபட்ச விலை ஹர்மன்பிரீத் சிங்குக்கு, 78 லட்சம். ஐபிஎல்லில் கோடிகள் பறக்கும் நாட்டில் தேசிய அணித் தலைவருக்கு இதுதான் உச்சம். இருந்தாலும் லீக்கை மனதார வரவேற்கிறேன். இந்த லீக் ஆண்டுதோறும் தவறாமல் நடந்தால்தான் ஹாக்கி ஆடும் கோவில்பட்டிப் பையன் மட்டையை நம்பி வாழ முடியும்.

எட்டு ஒலிம்பிக் தங்கம் நம்முடையது. கடைசித் தங்கம் 1980 மாஸ்கோவில், நம் சென்னை வி. பாஸ்கரன் தலைமையில். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் 16-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது நல்ல மரியாதை. இனி ஆடுகிறவர்களுக்கு நியாயமான சம்பளமும் தெளிவான தீர்ப்பும் கொடுங்கள். ஒன்பதாவது தங்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.