முந்தி விழித்த மொட்டு

அவசரத்தில் சொல்லிவிட்ட ஒரு சொல் ஆசிரியனை நெடுநாள் உறுத்தும். நீலகிரியிலிருந்து எங்கள் மத்ரஸாவுக்கு ஓத வந்த மாணவரொருவர், உறைபனியில் தம் தந்தையாரின் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிய செய்தியை வருத்தத்தோடு கூறினார். "கவலை வேண்டாம் தம்பி. பூமிதான் சூடேறி வருகிறதே, இனி உங்கள் மலையில் பனிக்கு வேலையிராது" என்றேன். அது ஆறுதலுமன்று, அறிவுமன்று என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று.

நம் ஹிஜ்ரி ஆண்டு கதிராண்டினும் ஏறக்குறைய 11 நாள் குறுகியது. எனவே ரமளான் கோடையிலும் வரும், குளிரிலும் வரும். வணக்கத்திற்குப் பிறை பார்த்த அரபு மக்கள், உழவுக்குக் கதிரவனையும் விண்மீன்களையும் நாடியது இதனாலேயே. முஸ்லிம் ஸ்பெயினில் கி.பி. 961ஐ ஒட்டி, கலீஃபா இரண்டாம் ஹகமுக்காக எழுதப்பெற்ற குர்துபா நாட்காட்டி, எந்த மாதத்தில் எது பூக்கும், எதை நட வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கூறுகிறது. பிறை அலையும், பருவம் அலையாது என்னும் நம்பிக்கையே அதன் அடித்தளம்.

அந்த நம்பிக்கை இன்று ஆட்டங்கண்டிருப்பதைப் பிரான்சு நாட்டின் கதையில் வாசித்தேன். 2021 மார்ச் இறுதியில் அங்கே கோடையைப் போல் வெயில் காய்ந்தது. திராட்சைக் கொடிகள் தளிர்விட்டன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே உறைபனி இறங்கியது. உழவர்கள் இரவெல்லாம் தோட்டங்களில் தீபங்களை ஏற்றிவைத்துக் காத்தும், பெருஞ்சேதம் தவிரவில்லை. உறங்கும் மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். விரிந்த தளிரோ உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே கருகிவிடும். ஆய்ந்த அறிஞர்கள் கூறியதுதான் என்னைத் திகைக்க வைத்தது: புவி வெப்பத்தால் ஏப்ரல் குளிரின் கடுமை தணிந்தேயிருக்கிறது, ஆயினும் தளிர்த்தபின் இத்தகைய பனி தாக்கும் வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு கூடியிருக்கிறது! பனி பின்வாங்குவதினும் விரைவாக மொட்டு முந்திக்கொள்கிறது. ஏட்டுக் கணக்கில் சாகுபடிக் காலம் நீண்டுவிட்டது. அதன் முதல் வாரங்களை நம்பிய கொடி பட்டுப்போகிறது.

நீலகிரியின் பனி வேறு வகையினது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் அற்ற இரவுகளில் இறங்கித் தேயிலைக் கொழுந்தையும் காய்கறியையும் கருக்குவது. பிரான்சின் கணக்கை அதற்குப் பொருத்துதல் தகாது. ஆனால் ஆண்டின் சராசரி வெப்பம் உயர்ந்தமையால் ஓரிரவின் பனி ஒழிந்துபோகும் என்று நான் கருதியது எம்மலைக்கும் பொருந்தாத பிழை.

மறுநாள் பாடம் முடிந்ததும் அம்மாணவரை அழைத்து, "அன்று நான் சொன்னது தவறு, தம்பி" என்றேன். அவர் தலைகுனிந்து புன்னகைத்தார்.

"அத்தாவிடம் அப்போதே சொன்னேன், ஹஜ்ரத். பகலில் வெயில் நன்றாகக் காய்ந்தால்தான் இரவுப் பனிக்கு அஞ்ச வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்கள். தங்களிடம் எப்படிச் சொல்வதென்று இருந்துவிட்டேன்."