பேரனும் நானும் பார்த்த படம்

மலையடிவாரத்து ஊர் எங்கள் கான்சாபுரம். இங்கே மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப், பா கற்பித்தே காலம் கழித்தவன் நான். படம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வதே பேணுதல் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை என் ஐந்து வயதுப் பேரன் அசைத்துவிட்டான்.

என் மகள் நோயுற்று மதுரையில் மருத்துவமனையில் இருந்தாள். பிள்ளை எங்களிடம் விடப்பட்டான். இரவுதோறும், "அம்மா எப்ப வரும், நன்னா?" என்பான். "நாளைக்கு" என்று சொல்லிச் சொல்லி என் நாவே கூசிற்று.

ஒருநாள் என் மகன் கைப்பேசியில் ஒரு ஜப்பானியச் சித்திரப் படத்தைக் கொண்டுவந்தான். ஹயாவோ மியாசாகி 1988இல் எடுத்த 'என் அண்டைவீட்டு டொட்டோரோ'. தாய் மருத்துவமனையில் இருக்க, தந்தையுடன் சிற்றூருக்குக் குடிவரும் இரு சிறுமியரின் கதை. மியாசாகியின் தாயாரும் முதுகெலும்புக் காசநோயால் நெடுநாள் படுக்கையில் கிடந்தவராம்.

நான் தயங்கினேன். உருவச் சித்திரம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறியாதவனல்லன். ஆயினும் அபூதாவூதில் ஓதிய ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களிடையே சிறகுள்ள குதிரையைக் கண்டு பெருமானார் (ஸல்) வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் விடையளிக்க, நாயகம் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். குழந்தையின் கற்பனைக்குக் கிடைத்த அந்தச் சிரிப்பை நான் எப்படி மறுப்பேன்? பேரனை மடியில் இருத்திக்கொண்டேன்.

படத்தில் தந்தையும் மக்களும் பெரியதொரு கற்பூர மரத்தின்முன் தலைதாழ்த்தினர். "மரத்தையா தொழுறாங்க?" என்றான். படத்தை நிறுத்தச் சொன்னேன். "அது அவர்கள் நாட்டு வழக்கம். நாம் மரத்தைப் படைத்தவனைத் தொழுகிறோம், அவன் படைத்த மரத்தைப் பேணுகிறோம்" என்றேன். அந்தப் படம் வந்த அதே 1988இல்தான் நம் திருவில்லிபுத்தூர் மலைக்காட்டில் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் அமைந்தது. அதையும் சொன்னேன். அன்றுமுதல் எங்கள் மலையில் டொட்டோரோ இருப்பதாகவே அவன் எண்ணம்!

தாய் வீடு திரும்புவது தள்ளிப்போகவே, இளைய சிறுமி மக்காச்சோளக் கதிரைக் கையில் ஏந்தித் தனியே மருத்துவமனை நோக்கி ஓடுகிறாள். அப்போது பேரன் மெல்லக் கேட்டான்: "அந்த அம்மா மௌத்தாயிருவாங்களா, நன்னா?"

இத்தனை நாளும் அவன் கேட்டது இதைத்தான் என்பது அக்கணமே எனக்கு விளங்கிற்று. "ஷிஃபா அல்லாஹ்விடம் இருக்கிறது. மருத்துவர்கள் பாடுபடுகிறார்கள். எனக்கும் பயந்தான், வா, துஆ கேட்போம்" என்றேன். அன்றிரவு அவன் அமைதியாக உறங்கினான்.

பெற்றோரே, சித்திரப் படமெல்லாம் குழந்தைக்குரியதென்று எண்ணிவிடாதீர்கள். டொட்டோரோ வெளிவந்த அதே 1988 ஏப்ரல் 16இல் அதே ஜிப்லி நிறுவனத்திலிருந்து இசாவோ தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'யும் வெளிவந்தது. போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மடியும் கதை அது. பெரியவர்கள் நெஞ்சையே உலுக்குவதைச் சிறு பிள்ளைக்குக் காட்டலாமா? முதலில் நீங்கள் பாருங்கள். பிறகு உடனிருந்து காட்டுங்கள். கேள்வி எழும்போது நிறுத்திப் பேசுங்கள். கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அகல்வது வளர்ப்பாகாது.

நன்மையும் உண்டு. அரபு நாடுகளில் ஜப்பானியத் தொடர்கள் பலவற்றுக்கு இலக்கண அரபியிலேயே குரல் கொடுத்தனர். நாங்கள் ஸர்ஃபும் நஹ்வும் ஓதித் தட்டுத்தடுமாறிக் கற்ற மொழியை அந்தப் பிள்ளைகள் விளையாட்டாகவே செவியேற்றனர். நம் தமிழுக்கும் அத்தகைய நல்ல குரல் வாய்க்க வேண்டாமா?

மறுவாரம் மதுரைக்குப் புறப்பட்டபோது பேரன் ஒரு கொய்யாப்பழத்தைக் கொணர்ந்து என் பையில் வைத்தான். "அம்மாவுக்கு" என்றான். மகள் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், அடுத்த மாதமே அவள் வீடு வந்து சேர்ந்தாள்.