கல்லில் பூத்த அல்லி

மொராக்கோ நாட்டின் தென்கிழக்கில், சகாரா பாலைவனத்தின் விளிம்பில், எர்ஃபூது என்னும் ஊர் இருக்கிறது. பேரீச்சைக்குப் பெயர்பெற்ற அவ்வூரை அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் நாடி வருவது கல்லுக்காக. ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த கடல் அல்லிகள் இன்று சுண்ணாம்புக் கற்பலகைகளில் பூங்கொத்துப்போல் படிந்து கிடக்கின்றன.

கடல் அல்லி பெயரளவில்தான் மலர். உண்மையில் அது நட்சத்திர மீனுக்கு உறவான விலங்கு. நீண்ட தண்டு, கிண்ணம் போன்ற உடல், அதைச் சூழ்ந்து இறகுபோல் விரியும் கரங்கள் என்பன அதன் உறுப்புகள். இவ்வினத்தின் சில வகைகள் ஆழ்கடலில் இன்றும் வாழ்கின்றன. எர்ஃபூதுப் பகுதியில் கிடைக்கும் ஸ்கைஃபோகிரைனைட்டிஸ் என்னும் வகைக்குத் தண்டின் முனையில் அறைகள் கொண்ட குமிழ் ஒன்று உண்டு. அதை மிதவையாகக் கொண்டு அவ்வுயிர் தலைகீழாகத் தொங்கி வாழ்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இவ்வுடல் முழுவதும் சிறுசிறு சுண்ணத் தகடுகளால் ஆனது. உயிர் பிரிந்தபின் அவற்றைப் பிணைக்கும் நார்கள் சில நாள்களிலேயே அழுகிவிடும், தகடுகள் சிதறிப்போகும். ஆதலால் உலகெங்கும் மிகுதியாகக் கிடைப்பவை தண்டின் வட்டத் துண்டுகளே. சேறு திடீரென வந்து மூடினால் மட்டுமே முழு உருவம் எஞ்சும். எது அதன் வாழ்வை முடித்ததோ அதுவே அதன் வடிவைக் காத்தது! இறைவனின் ஏற்பாட்டை எண்ணி நான் வியந்து நிற்பது இவ்விடத்தில்தான்.

அப்படிவ அடுக்கைப் பின்தொடர்ந்து உள்ளூர்த் தொழிலாளர்கள் கைக்கருவிகளால் பள்ளம் தோண்டுகின்றனர். துண்டுகளாக வெளிவரும் பலகைகளைப் பட்டறையில் பொருத்தி, மேற்கல்லைச் சுரண்டி உருவத்தை வெளிக்கொணர்கின்றனர். உடைந்ததை ஒட்டுவது குற்றமாகாது. ஆயினும், இல்லாத கரத்தைப் பசையும் கற்பொடியும் கலந்து வனைந்து, வண்ணம் பூசி விற்கும் பழக்கமும் இவ்வணிகத்தில் நுழைந்துவிட்டது. புறஊதா ஒளியில் பசை பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும். உருப்பெருக்கியில் காற்றுக் குமிழிகள் தென்படலாம்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைக்காத வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. மழையில் தானியம் நனைந்ததில் குற்றமில்லை, மறைத்ததில்தான் குற்றம். கல்லுக்கும் அந்நீதியே பொருந்தும். ஆனால் வெயிலில் கல் உடைப்பவரையும் விற்பவரையும் மட்டும் பழிப்பது முறையாகுமா? குறையற்றதற்கே கூடுதல் விலை தருவோம் என்று நிற்கும் நம் ஆசையும் அப்பசையில் கலந்திருக்கிறது.

என்னிடமுள்ள சிறு பலகையொன்றில் கடல் அல்லிக்குக் கரங்கள் இரண்டு பாதியோடு நின்றுவிட்டன. கைத்திறன் மிக்க நண்பர் ஒருவர் அவற்றை நிறைவு செய்து தர முன்வந்தார். நன்றி கூறி மறுத்துவிட்டேன். சேறு வந்து சேருமுன் நார் அறுந்ததோ, கல் பிளந்தபோது உதிர்ந்ததோ, அவ்வெற்றிடமும் அவ்வுயிரின் வரலாற்றுக்குச் சாட்சி. அதை நிரப்பினால், சாட்சியின் வாயில் நம் சொல்லைத் திணித்தவர்களாவோம்.

சேகரிக்க விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைக்காரரிடம், “இதில் எது ஒட்டியது, எது செய்தது?” என்று முதலில் கேளுங்கள். உண்மை சொல்பவரிடம் குறையுள்ள கல்லையே நல்ல விலை கொடுத்து வாங்குங்கள்.